சட்டைப் பையில் அடங்கும் பட்டாம்பூச்சி அட்டைகள்: மூன்றாம் வடிவம்

ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் பட்டாம்பூச்சிகளை நின்ற இடத்திலேயே பிரித்துச் சொல்ல ஒரு அட்டைக் கட்டு செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் வடிவம்தான் கைகொடுத்தது. முதல் இரண்டும் பரணில் கிடக்கின்றன. எது எடுபடவில்லை, எதை எந்த அளவில் வெட்டினேன் என்பதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் நேராக மூன்றாவதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

தேவை வலசைக் காலத்தில் வந்தது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் போகும். அதில் பெரும்பாலும் நான்கு இனங்கள்: புளூ டைகர், டார்க் புளூ டைகர், வெண்புள்ளிக் கருப்பன் என்கிற காமன் குரோ, டபுள்-பிராண்டட் குரோ. எண்ணப் போகிறவர்கள் நோட்டில் "டைகர்", "குரோ" என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டு கோடு கிழிப்பார்கள். அதை நான்கு பத்தியாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் நோக்கம். பிறகு ஆசை பெருகி, கிராஸ் யெல்லோ, கிராஸ் புளூ, வெந்தய வரியன், கறிவேப்பிலை அழகி என்று மற்ற இரட்டையர்களும் கட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

முதல் வடிவம் ஏ3 தாளில் ஒரு போஸ்டர். குழம்பும் இனங்களை இறக்கை விரித்த நிலையில் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தேன். சுவரில் பார்க்க அழகு. செடிக்கு முன்னால் நின்றால் பயனில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது இறக்கையை மூடி, பக்கவாட்டில் சாய்ந்து, பாதி இலைக்குப் பின்னால் இருக்கிறது. போஸ்டரில் இருப்பதோ பெட்டியில் குத்திவைத்த மாதிரி தட்டையாக. அதைவிடப் பெரிய சிக்கல், முழுப் பூச்சியையும் காட்டினால் கண் ஒட்டுமொத்தச் சாயலைத்தான் பிடித்துக்கொள்கிறது. சாயலில்தான் இவை ஒன்று. வித்தியாசம் இருக்கும் இடம் சில மில்லிமீட்டர். அந்த இடத்தைக் கண் தாண்டிப் போய்விடுகிறது.

இரண்டாம் வடிவம் நிறப்பட்டை. கையேடுகளில் "இது அதைவிடக் கருமை", "இது வெளிர்" என்று இருப்பதால், நீலத்தில் சில படிகள், மஞ்சளில் சில படிகள், பழுப்பில் சில படிகள் என்று வண்ணக் கட்டங்கள் அச்சிட்டு, இறக்கையோடு ஒப்பிடலாம் என்று திட்டம். நாள்பட்ட பூச்சிக்குச் செதில் உதிர்ந்து நிறம் வெளுத்திருக்கும். புதிதாகக் கூட்டிலிருந்து வந்தது கருத்திருக்கும். உச்சி வெயிலில் ஒரு நிறம், நிழலில் இன்னொன்று. போதாததற்கு, ஒரே கோப்பை இரண்டு பிரிண்டரில் போட்டால் இரண்டு மஞ்சள் வருகிறது. அத்தோடு அதைக் கைவிட்டேன்.

மூன்றாவதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: எண்ணக்கூடியது, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லக்கூடியது, பக்கத்தில் இருப்பதைவிட அகலமா குறுகலா என்று அளக்கக்கூடியது. இவை மட்டும்தான் அட்டைக்குப் போகும். நிறம், பறக்கும் வேகம், "பொதுவாகச் சற்றுப் பெரியது" எல்லாம் வெளியே. முழுப் பூச்சியும் வெளியே. ஒவ்வொரு அட்டையிலும் இறக்கையில் பார்க்க வேண்டிய ஒரு துண்டு மட்டும், அதுவும் கருப்பு வெள்ளையில். நிறத்தை எடுத்துவிட்டால் யாரும் நிறத்தை ஒப்பிட மாட்டார்கள் அல்லவா?

படங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவற்றை எடுத்தவை. பிடித்துக் குத்திவைக்கும் பழைய முறையைத் தொடவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

முதலில் முடிந்தது கிராஸ் யெல்லோ அட்டை. அதிகம் உழைக்க வைத்ததும் அதுதான். இந்தச் சின்ன மஞ்சள் பூச்சிகள் அமர்ந்தால் இறக்கையை மூடித்தான் அமரும். முன்னிறக்கையின் மேற்புறக் கருப்பு விளிம்பை வைத்து எழுதப்பட்ட குறிப்புகள் அதனால் நேரடியாக உதவாது. கையில் இருப்பது அடிப்புறம் மட்டும். அங்கே பார்க்க வேண்டியது முன்னிறக்கையின் செல். இறக்கையின் அடியிலிருந்து நடுவரை நரம்புகள் சூழ்ந்த நீளமான வெளிதான் செல். அதற்குள் பழுப்புப் புள்ளிகள் மூன்று இருந்தால் த்ரீ-ஸ்பாட் கிராஸ் யெல்லோ, இரண்டு என்றால் காமன், ஒன்று என்றால் ஒன்-ஸ்பாட். ஒன்றும் இல்லையென்றால் ஸ்பாட்லெஸ் அல்லது ஸ்மால். செல் முடியும் இடத்தில் சிறுநீரக வடிவில் தெரியும் வளையத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அட்டையில் அந்த வளையத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அது இல்லாத மாதிரி அட்டையைக் கொடுத்துப் பார்த்தபோது எல்லோரும் முதலில் எண்ணியது அதைத்தான்.

இதுவரை புத்தகத்திலேயே இருக்கும். புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதது, அந்தப் புள்ளிகள் எப்போது தெரியும் என்பது. பூச்சி வந்து அமர்ந்த முதல் சில நொடிகள் முன்னிறக்கை உயர்ந்தே இருக்கும். ஆசுவாசமானதும் அதைப் பின்னிறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்போது செல்லின் அடிப்பாதி பின்னிறக்கை விளிம்புக்குப் பின்னால் போய்விடும். முதலில் மறைவது அடியோரம் இருக்கும் புள்ளி. ஆக, மூன்று புள்ளிக்காரர் இரண்டாகவும், இரண்டு புள்ளிக்காரர் ஒன்றாகவும் தெரிவார். நிதானமாகக் கிட்டே போய் எடுத்த, கூர்மையான, அழகான படங்கள் எல்லாம் இந்த வகையில் உதவாதவை. தூரத்திலிருந்து, அமர்ந்த கையோடு தட்டிய மங்கல் படம்தான் உண்மையைச் சொல்கிறது. இதனால் அட்டையில் இரண்டு துண்டுகள் ஆயின: இறக்கை உயர்ந்த நிலை, இழுத்துக்கொண்ட நிலை. இரண்டாவதின் கீழே "எண்ணாதே" என்று ஒரே சொல்.

இழுத்துக்கொண்ட பிறகும் ஒரு வழி இருக்கிறது. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் பூச்சி வரும்படி சுற்றிப் போய், அடியிலிருந்து பார்க்க வேண்டும். மஞ்சள் இறக்கை வெளிச்சத்தை விட்டுவிடும். மேற்புறத்தின் கருப்பு விளிம்பு அடிப்புறத்தில் நிழலாகத் தெரியும். காமன் கிராஸ் யெல்லோவில் அந்த விளிம்பின் உள்பக்கம், முன்னிறக்கையின் நடுவுக்குக் கீழே, ஆழமாகக் குடைந்திருக்கும். ஸ்மால் கிராஸ் யெல்லோவில் குடைவு இல்லாமல் சீராக ஓடும். கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றினால் இது தெளிவாக விழுகிறது. கோடையில் விளிம்பே மெலிந்துவிடும் என்பதால் இந்த வித்தை மழைக்காலத்தில்தான் நம்பகம். ஸ்பாட்லெஸ்ஸுக்கு வேறு அடையாளம் உண்டு: பின்னிறக்கையின் அடிப்புறத்தில் ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு மங்கல் கோடுகள்.

புள்ளி மங்கலாகி, எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் செடியைப் பார்க்கலாம். த்ரீ-ஸ்பாட் முட்டைகளைக் கும்பலாக இடும். புழுக்களும் கூட்டமாக மேயும், தலை கருப்பு. காமன் முட்டையைத் தனித்தனியாக இடும். புழுவின் தலை பச்சை. இதை அட்டையின் பின்பக்கத்தில் சேர்த்தேன். இறக்கை அடையாளத்துக்கான கட்டில் புழுவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது டைகர் அட்டை. புளூ டைகரும் டார்க் புளூ டைகரும் ஒரே வரைபடத்தில் இரண்டு தடிமன் பேனாவால் எழுதியவை மாதிரி. கீற்றுகளின் இடமும் வரிசையும் ஏறக்குறைய ஒன்று. டார்க்கில் கீற்றுகள் மெலிவு, நடுவில் கருப்பு அதிகம். இங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, அளக்க வேண்டும். பின்னிறக்கையின் செல்லுக்குள் கவட்டை போல் பிரியும் வெளிர்க் கீற்றைத் தேர்ந்தெடுத்தேன். கீற்றின் அகலத்தையும், அதை ஒட்டிய கருப்புப் பகுதியின் அகலத்தையும் பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸின் டிவைடரால் அச்சுப் படத்தில் அளந்தேன். கீற்று கருப்பைவிட அகலமாக இருந்தால் புளூ டைகர் பக்கம். கருப்பு வென்றால் டார்க் பக்கம்.

மில்லிமீட்டர் கணக்கு ஏன் இல்லையென்றால், பூச்சி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று படத்தில் தெரியாது. விகிதத்துக்குத் தூரம் தேவையில்லை. இறக்கை சற்றுச் சாய்ந்திருந்தாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் ஒரே அளவுக்குத்தான் சுருங்கும்; ஆகவே விகிதம் பெரிதாக மாறாது. விகிதத்தைக் கெடுப்பது வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்தால் வெளிர்க் கீற்று வெள்ளையாகப் பொங்கி ஓரம் தாண்டி வழியும்; டார்க் புளூ டைகர் கூடப் புளூ டைகர் ஆகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு படி குறைத்து எடுக்கத் தொடங்கிய பிறகுதான் டிவைடர் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தது. இந்தச் சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு சீசன் படங்களில் பாதி வீண்.

கூட்டத்தில் கிளாஸி டைகரும் கலந்து வரும். அதன் கீற்றுகள் நீலம் இல்லாத சாம்பல் வெள்ளை, இன்னும் அகலம், கண்ணாடி மாதிரி ஊடுருவும். கருப்பு வெள்ளை அட்டையில் இது சிக்கல்தான். தனி அட்டை போட்டுச் சமாளித்திருக்கிறேன்.

குரோ அட்டை பாதி வெற்றி. டபுள்-பிராண்டட் குரோவின் ஆணுக்கு முன்னிறக்கையின் மேற்புறத்தில், பின் ஓரத்தை ஒட்டி, இரண்டு இணையான கோடுகள் இருக்கும். மணச் செதில்கள் குவிந்த இந்தக் கோட்டைத்தான் பிராண்ட் என்கிறார்கள். காமன் குரோ ஆணுக்கு அந்த இடத்தில் ஒன்றுதான். பிரவுன் கிங் குரோவின் ஆணுக்குப் பின்னிறக்கையின் மேற்புறத்தில் வெளிர்த் திட்டு. இரண்டு, ஒன்று, திட்டு: அட்டைக்கு இதைவிட வசதியாக அமையாது. ஆனால் குரோக்கள் பெரும்பாலும் இறக்கையை மூடியே தொங்கும், பெண்களுக்கு இந்தக் கோடுகளே கிடையாது.

ஆண்களை, அதுவும் இறக்கை அசைத்த நிலையில், கிட்டத்தில் பார்க்க ஒரு ஏற்பாடு செய்தேன். தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் இருக்கும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்களைத் தேடி டைகர், குரோ குடும்பத்து ஆண்கள் வரும். இணையைக் கவரும் மணப்பொருளை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. காய்ந்த செடி என்றால் இன்னும் பிடிக்கும். தேள்கொடுக்கை வேரோடு பிடுங்கி, நிழலில் காயவைத்து, கொத்தாகக் கட்டி, கண் உயரத்தில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டேன். அளவாகத் தண்ணீர் தெளித்தால் வாடை நன்றாகக் கிளம்புகிறது. வந்து ஒட்டிக்கொண்டவை காய்ந்த தண்டைக் குழலால் தடவிக்கொண்டே மெதுவாக இறக்கையைத் திறந்து மூடும். நாம் கிட்டே போனாலும் லேசில் நகராது. கேமராவைத் தொடர்படத்தில் வைத்து அழுத்தினால், முழுதாகத் திறந்த ஒரு படம் எப்படியும் அகப்படும். வேலை முடிந்ததும் கொத்தை அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். அந்த ஆல்கலாய்டு ஆடுமாட்டின் ஈரலுக்கு ஆகாது.

இப்படி அட்டைக்குப் படம் கிடைத்துவிட்டது. வலசையில் தலைக்கு மேல் பறந்து போகும் குரோவுக்கு அட்டை ஒன்றும் செய்ய முடியாது. அங்கே "குரோ, இனம் பிரிக்கவில்லை" என்று ஐந்தாவது பத்தி. டைகருக்கும் அதே மாதிரி ஆறாவது. நான்கு பத்தி கேட்டுத் தொடங்கியது ஆறில் வந்து நின்றது. பறக்கும்போது நிரம்புவது பெரும்பாலும் கடைசி இரண்டுதான். பூவில் அமரும் இடங்களில் மட்டும் முதல் நான்கில் கோடு விழுகிறது. ஊகத்தில் நான்கு பத்தியையும் நிரப்பிய நோட்டைவிட இது எனக்கு நிம்மதி.

வெந்தய வரியன் அட்டை ஒரே மாலையில் முடிந்தது. எருக்கைத் தின்று வளர்ந்து, பறவைக்குக் கசக்கும் வெந்தய வரியனைப் போல வேடம் போடுவது டனாய்ட் எக்ஃபிளையின் பெண். பின்னிறக்கையின் நடுவில் வெந்தய வரியனுக்கு மூன்று கருப்புப் புள்ளிகள், ஆணுக்கு மணப்பையும் சேர்ந்து நான்கு. வேடதாரிக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பின்னிறக்கையின் மேல் ஓரத்தில். மூடினாலும் திறந்தாலும் தெரியும். போதாதென்றால் முட்டையிடும் செடி: ஒன்று எருக்கு, மற்றது தரையில் படரும் பருப்புக்கீரை. எல்லா இரட்டையர்களும் இப்படி இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

கறிவேப்பிலை அழகி, அதாவது காமன் மார்மன், கட்டுப்பாட்டை மீற வைத்தது. அதன் பெண்ணில் ஒரு வடிவம் ரோஜா அழகியைப் போலவும், இன்னொரு வடிவம் சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். இறக்கையில் தேடிக்கொண்டே போகலாம். உடம்பைப் பார்த்தால் ஒரு நொடி. ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உடம்பு சிவப்பு, மார்மனுக்குக் கருப்பு. ஆகவே இந்த ஒரு அட்டையில் மட்டும் இறக்கை இல்லை, வயிறு இருக்கிறது. படமே வண்ணத்தில் அச்சான அட்டையும் இது ஒன்றுதான்.

இனி அச்சு வேலை. அளவு 85க்கு 54 மில்லிமீட்டர், அடையாள அட்டையின் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற அச்சுக்கு ஏறக்குறைய 1004க்கு 638 பிக்சல் வேண்டும். வெட்டிய துண்டு அதற்கு வெகுவாகக் குறைந்தால் பெரிதாக்காமல் வேறு படம் தேடினேன். பெரிதாக்கினால் புள்ளி இருக்கிறதா, பிக்சலா என்று தெரியாது. லேசர் அச்சு போதும். இங்க்ஜெட் வியர்வைக் கையில் கரைந்தது. அம்புக்குறி சிவப்பில், அதுவும் புள்ளியைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி.

லாமினேஷன் மினுமினுப்பாக இருந்தால் வெயிலில் வானம்தான் தெரியும், மேட் வகை கேட்டு வாங்க வேண்டும். ஓரத்தில் தாளைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டினேன். வளையத்துக்கான துளையில் ஒரு நுணுக்கம் உண்டு. லாமினேஷனுக்கு முன்பே தாளில் எட்டு மில்லிமீட்டர் துளை. பிறகு அதன் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் துளை. சுற்றிலும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருப்பதால் மழையில் நனைந்தாலும் துளை வழியே தண்ணீர் ஏறாது. ஒரே துளையாகப் போட்ட அட்டை முதல் தூறலிலேயே ஊறிப் பூத்துவிட்டது.

சோதனைக்குப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். பட்டாம்பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிராஸ் யெல்லோவில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, எண்ணுறதுக்குள்ள றெக்கையை உள்ள இழுத்துக்குச்சு, அப்ப எதுவும் எழுத வேண்டாம்ல?" என்றான். அட்டை செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். வெந்தய வரியனில் தடுமாற்றமே இல்லை. டைகரில் அட்டையையும் பூச்சியையும் மாறிமாறிப் பார்த்து நேரம் எடுத்தான். படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தபிறகுதான் சொன்னான். டைகரைக் கண்ணால் மட்டும் முடிவு செய்ய முடியாது, படம் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு அட்டையிலேயே எழுதினேன்.

மீதி இருப்பது கிராஸ் புளூ. விரல் நகம் அளவே இருக்கும் பூச்சிகள். அடிப்புறத்தில் முன்னிறக்கைச் செல்லுக்குள் புள்ளி இருந்தால் டார்க் அல்லது பேல் கிராஸ் புளூ, இல்லாவிட்டால் லெஸ்ஸர் அல்லது டைனி. டைனிக்கு முன்னிறக்கையின் முன்னோரத்தில் தனியாக ஒரு புள்ளி. எண்ணிக்கைக்குத் தோதான கூட்டம்தான். ஆனால் போனில் எடுத்த எதுவும் அச்சுக்குத் தாங்கவில்லை. மேக்ரோ லென்ஸ் வைத்து, புளியாரை படர்ந்த இடத்தில், வெயில் ஏறுவதற்கு முன் குளிரில் மந்தமாக இருக்கும்போது எடுக்க வேண்டும். பேல் கிராஸ் புளூவின் புழு தின்பது புளியாரையைத்தான் என்பதால் அதற்காவது அலைய வேண்டியதில்லை.

அடுத்த அச்சில் மாற்றப்போவது: குரோ அட்டையில் ஆணின் திறந்த இறக்கைக்குப் பக்கத்தில் பெண்ணின் இறக்கையையும் போட்டு, கோடே இல்லை என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் கோடு தெரியாத எல்லாவற்றையும் காமன் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். கிளாஸி டைகர் அட்டையையும் டைகர் அட்டையையும் ஒன்றாக்கலாம், மூன்று துண்டுகள் ஒரே அகலத்தில் அடங்குகின்றன. பின்பக்க எழுத்து இப்போது 6 பாயிண்ட். கண்ணாடி போட்டவர்களால் வெளியில் படிக்க முடியவில்லை. 9 ஆக்கினால் புழுக் குறிப்பில் பாதியைக் குறைக்க வேண்டிவரும், தலையின் நிறத்தை மட்டும் விட்டுவைக்கிறேன்.